தேதி இல்லாத கடிதம்: இன்ஃபோசிஸின் 2022 கேம்பஸ் தேர்வர்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரலிலிருந்தே ஆஃபர் லெட்டர்கள் வரத் தொடங்கின. வேலையில் சேரச் சொன்ன நாள் 2024 அக்டோபர் 7. அப்படிச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் 2025 பிப்ரவரியில் மைசூரு பயிற்சி வளாகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கல்லூரி முடித்ததிலிருந்து கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3 ஆண்டுகள். அதில் சம்பளம் வந்த காலம் சில மாதங்கள்தான்.

ஆஃபர் லெட்டருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எனும் நியமனக் கடிதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், எச்.ஆர். துறையில் இருப்பவர்கள் ஒரு அட்டவணை போட்டுத் தந்துவிடுவார்கள். முன்னது ஓரிரு பக்கம், பின்னது விரிவானது, முன்னது சேர்வதற்கு முன், பின்னது சேரும்போது, இத்தியாதி. அட்டவணையில் தப்பில்லை. ஆனால் இரண்டு கடிதங்களுக்கும் நடுவே இரண்டரை ஆண்டு இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அந்த இடைவெளியில் நிற்பவர் யார்? ஊழியரா, விண்ணப்பதாரரா, வெறும் பட்டதாரியா? இன்ஃபோசிஸ் விவகாரத்தை எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். அந்த நிறுவனம் மட்டும்தான் இப்படிச் செய்தது என்பதால் அல்ல. ஒரே நிகழ்வில் ஆஃபர், நியமனம், பணிநீக்கம் ஆகிய மூன்று கட்டங்களும் பொதுவெளியில் பதிவாகியிருப்பதால்.

அள்ளிக் கொடுத்த ஆண்டு

கொரோனாவுக்குப் பிந்தைய ஐ.டி. அலை எப்படி இருந்தது என்பதை எண்களே சொல்லும். 2021-22 நிதியாண்டில் இன்ஃபோசிஸ் எடுத்த புதிய பட்டதாரிகள் 85,000 பேர். அடுத்த ஆண்டு 50,000-க்கும் மேல். அதற்கடுத்த 2023-24-ல் 11,900 பேர். 2022 ஜூன் காலாண்டில் நிறுவனத்தை விட்டுப் போகிறவர்களின் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்டிருந்தது. இத்தனை பேர் போய்க்கொண்டே இருந்தால் வாசலில் இத்தனை பேரைத் தயாராக நிறுத்தியாக வேண்டும் என்பதுதான் அன்றைய கணக்கு. பிறகு அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள். வேலையை விட்டுப் போகிறவர்களும் குறைந்தார்கள். 2024 மார்ச்சில் ஊழியர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 25,994 குறைந்து 3,17,240 ஆனது.

வாசலில் நின்றவர்கள் அங்கேயே நின்றார்கள். ஐ.டி. ஊழியர் அமைப்பான நைட்ஸ், 2024 ஆகஸ்டில் ஒன்றிய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தபோது சொன்ன எண்ணிக்கை சுமார் 2,000. சிஸ்டம் இன்ஜினீயர், டிஜிட்டல் ஸ்பெஷலிஸ்ட் இன்ஜினீயர் என்ற இரு பதவிகளுக்குத் தேர்வானவர்கள். சம்பளம் இல்லாத முன்பயிற்சி, அதற்கு மேல் தேர்வு, மறுபடி தேதி மாற்றம் என்று தங்களை இழுத்தடித்தார்கள் என்பது அவர்களின் குறை. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக், கொடுத்த ஒவ்வொரு ஆஃபருக்கும் உரியவர் வேலையில் சேருவார், சில தேதிகள்தான் மாறியிருக்கின்றன என்று பதில் சொன்னார்.

பரேக் சொன்னபடியே நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். புகார் செய்தியாகி, ஒன்றிய அமைச்சகம் கர்நாடகத் தொழிலாளர் துறைக்குக் கடிதம் எழுதிய சில வாரங்களில் சேரும் தேதி போட்ட மின்னஞ்சல்கள் போகத் தொடங்கின. ஆக, வாக்கு காப்பாற்றப்பட்டது. "தேதிகள்தான் மாறின" என்ற அந்த வாக்கியத்தைத்தான் நான் நிறுத்தி வாசிக்கிறேன். ஆஃபர் லெட்டரில் தேதி போனால் மிச்சம் என்ன?

ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால்

ஆஃபர் லெட்டர் வெறும் காகிதம் என்று நம் ஊரில் சொல்வது சட்டப்படி சரியில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் முன்வைத்ததை மற்றவர் நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்டால் அது ஒப்பந்தமாகிவிடும். 5-ஆம் பிரிவின்படி, ஏற்பு அனுப்பப்படும்வரைதான் முன்மொழிந்தவர் அதைத் திரும்பப் பெற முடியும். "அக்செப்ட்" பொத்தானை அழுத்தியபின் நிறுவனம் நினைத்தபோது கையை உதற முடியாது. அழுத்தாமல் வைத்திருக்கும் ஆஃபரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வாரக்கணக்கில் இழுப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

சிக்கல் எங்கே என்றால், கேம்பஸ் ஆஃபர்களில் ஏற்கும்படி வைத்திருப்பதே நிபந்தனைகளின் மூட்டை. அரியர் இல்லாமல் பட்டம் முடிக்க வேண்டும், சான்றிதழ் சரிபார்ப்பில் தேற வேண்டும், மருத்துவத் தகுதி வேண்டும். இவை மாணவரின் கையில் இருப்பவை, நியாயமானவையும்கூட. கூடவே ஒன்று வரும்: சேரும் தேதி, ஊர், பிரிவு எல்லாம் வணிகத் தேவையைப் பொறுத்துப் பின்னர் தெரிவிக்கப்படும். இது முழுக்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரு தரப்பு எல்லாவற்றையும் நிறைவேற்றிவிட்டுக் காத்திருக்க, மற்ற தரப்புக்குக் காலக்கெடுவே கிடையாது.

இதற்கும் சட்டத்தில் ஒரு பதில் உண்டு. நிறைவேற்றும் காலம் குறிப்பிடப்படாத ஒப்பந்தத்தை நியாயமான காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. நியாயமான காலம் எது என்பது அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது. இரண்டரை ஆண்டு நியாயமா என்று ஒரு நீதிபதியிடம் கேட்டிருந்தால், நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு அது சுகமான நாளாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஆனால் யார் கேட்பது? வழக்குப் போட்டு வென்றாலும் வேலை கிடைக்காது. தனிமனிதரின் தகுதியையும் உழைப்பையும் சார்ந்த ஒப்பந்தத்தைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற முடியாது என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், 14-ஆம் பிரிவு, சொல்லிவிடுகிறது. மிஞ்சுவது ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவுப்படி நஷ்டஈடு. அதையும் எவ்வளவு என்று பார்த்தால் மனம் விட்டுப்போகும். நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளக்கூடிய வேலை ஒப்பந்தம் முறிந்தால், இழப்பு என்பது பொதுவாக அந்த நோட்டீஸ் காலச் சம்பளம்தான் என்ற நிலை 1957-லேயே உச்ச நீதிமன்றத்தில், எஸ்.எஸ். ஷெட்டி எதிர் பாரத் நிதி வழக்கில், சொல்லப்பட்டுவிட்டது. போதாக்குறைக்கு, இழப்பைக் குறைத்துக்கொள்ள நீ என்ன முயற்சி எடுத்தாய், வேறு வேலை தேடினாயா என்ற கேள்வியும் வரும். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் சம்பளத்துக்குத் தேர்வான 22 வயதுப் பட்டதாரி, ஓரிரு மாதச் சம்பளத்துக்காக வேறு மாநில நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க மாட்டார். இது நிறுவனங்களுக்கும் தெரியும்.

தொழிலாளர் துறையின் கண்ணுக்குத் தெரியாதவர்

சிவில் நீதிமன்றம் வேண்டாம், தொழிலாளர் அலுவலர் இருக்கிறாரே என்றால், அங்கே வேறொரு கதவு மூடியிருக்கும். அன்று நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் காத்தது வேலையில் அமர்த்தப்பட்டவரை. அல்லது அமர்த்தப்பட்டு நீக்கப்பட்டவரை. இன்னும் அமர்த்தப்படாதவருக்கு அதில் இடம் இருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் அமைச்சகம் எழுதிய கடிதத்துக்கு வேகம் கிடைத்ததற்குக் காரணம் சட்டத்தின் பல் அல்ல, செய்தித்தாள்களின் சத்தம். ஆஃபர் லெட்டர் ஒருவரை ஒப்பந்தச் சட்டத்தின் எல்லைக்குள் கொண்டுவருகிறது. தொழிலாளர் சட்டத்தின் எல்லைக்குள் கொண்டுவருவது வேலையில் சேர்வதும் அதற்கான நியமனக் கடிதமும்தான். என்னைக் கேட்டால், இரு கடிதங்களுக்கும் இடையிலான வித்தியாசங்களில் உருப்படியானது இது ஒன்றே. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. பி.எஃப். கணக்கு, ஈ.எஸ்.ஐ., பணிக்கொடைக்கான காலம், அனுபவச் சான்றிதழ் எல்லாமே சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. காத்திருந்த இரண்டரை ஆண்டு எந்த ஏட்டிலும் ஏறாது.

ஏறாதது மட்டுமா, எதிராகவும் திரும்பும். ஒரு ஆஃபர் கிடைத்த மாணவரை அடுத்த நிறுவனத்தின் தேர்வில் உட்கார விடாத விதி நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. எல்லாருக்கும் ஒரு வேலையாவது கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் வந்த விதி. விளைவு, அந்த ஒரே ஆஃபர்மீது மொத்த பாரமும் ஏறுகிறது. பிறகு கல்லூரிக்கு வெளியே நடக்கும் தேர்வுகளுக்குப் போனால், இந்த ஆண்டு முடித்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று போட்டிருக்கும். 2022-ல் முடித்தவர் 2024-ல் புதியவரும் இல்லை, அனுபவசாலியும் இல்லை. நடுவில் என்ன செய்தாய் என்று நேர்காணலில் கேட்டால், ஒரு பெரிய கம்பெனி கூப்பிடக் காத்திருந்தேன் என்பது எடுபடுகிற பதில் அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க 2016-ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு மே மாதம் ஃபிளிப்கார்ட், அகமதாபாத் ஐ.ஐ.எம். உள்ளிட்ட இடங்களில் தேர்ந்தெடுத்தவர்களின் சேரும் தேதியை ஜூனிலிருந்து டிசம்பருக்குத் தள்ளியது. ஐ.ஐ.எம். நிர்வாகம் நேரடியாகக் கண்டித்துக் கடிதம் எழுதியது. தாமதத்துக்காகச் சேரும்போது ஒன்றரை லட்சம் ரூபாய் தருவதாக நிறுவனம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆஃபரைத் திரும்பப் பெற்றது போன்ற புகார்களுக்காக ஐ.ஐ.டி.க்கள் 31 நிறுவனங்களைத் தங்கள் வளாகத் தேர்வுகளிலிருந்து விலக்கி வைத்தன.

அதே 2016-ல் சென்னையில் நடந்ததும் நினைவிருக்கலாம். எல் அண்ட் டி இன்ஃபோடெக் சுமார் 1,500 பேருக்குக் கொடுத்த ஆஃபர்களைத் திரும்பப் பெற்றது. தேர்வாகி ஒன்றரை ஆண்டு காத்திருந்த பிள்ளைகள். நிறுவனம் பிறகு வைத்த தேர்வில் தேறவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். இவர்கள் வீதியில் உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. அங்கேயும் ஆஃபர்தான், இங்கேயும் ஆஃபர்தான். ஐ.ஐ.எம். மாணவருக்குப் பின்னால், "அடுத்த வருஷம் எங்கள் வாசலுக்கு வராதே" என்று சொல்லக்கூடிய ஒரு கல்வி நிறுவனம் நின்றது. தனியார் பொறியியல் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அதிகாரியோ, அடுத்த வருஷமும் இதே கம்பெனி வர வேண்டுமே என்ற கவலையில் இருப்பவர். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

2023 பிப்ரவரியில் விப்ரோ வேறொரு வழியில் போனது. ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆஃபர் வாங்கிக் காத்திருந்தவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதித்தால் சீக்கிரம் சேரலாம் என்று கேட்டது. பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சட்டக் கண்ணால் பார்த்தால் இதில் முறிவே இல்லை: பழைய ஒப்பந்தத்துக்குப் பதில், இரு தரப்பும் சம்மதித்த புது ஒப்பந்தம். தேதி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சம்பளமும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

சேர்ந்த பிறகு

மீண்டும் மைசூருவுக்கு. 2024 அக்டோபரில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி, அதன் முடிவில் உள்தேர்வு. மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் தேறாதவர்கள் 2025 பிப்ரவரி 7 அன்று அனுப்பப்பட்டார்கள். 300-க்கு மேல் என்றது நிறுவனம். 700 என்றது நைட்ஸ். நிறுவனம் கொடுத்த விளக்கத்தில் முக்கியமான வாக்கியம் ஒன்று இருந்தது: தேறாவிட்டால் தொடர முடியாது என்ற விதி அவர்களின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, இந்த நடைமுறை இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாக உள்ளது.

தேர்வைக் கடினமாக்கிவிட்டார்கள், பாடத்திட்டம் மாறியது என்று வெளியேறியவர்கள் சொன்னார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நமக்கு வேண்டியது அவர்கள் எந்தக் காகிதத்தின் பேரில் உள்ளே இருந்தார்கள் என்பது. அவர்கள் சேர்ந்தது பயிற்சி பெறுபவர்களாக, அதாவது டிரெய்னிகளாக. ஒன்றிய அமைச்சகம் மறுபடியும் கர்நாடக அரசுக்கு எழுதியது. மாநிலத் தொழிலாளர் துறை அதிகாரிகள் வளாகங்களுக்குப் போய் விசாரித்தார்கள். பிப்ரவரி முடிவதற்குள், இது பயிற்சிக் காலத்தில் நடந்தது, வழக்கமான வேலையில் இருப்பவர்களுக்குப் பொருந்தும் ஆட்குறைப்பு விதிகள் இதற்குப் பொருந்தாது, சட்டமீறல் இல்லை என்று துறை கருதுவதாகச் செய்திகள் வெளியாயின.

அதாவது, ஆஃபர் கட்டத்தில் அவர்கள் ஊழியர்கள் இல்லை, ஏனென்றால் இன்னும் சேரவில்லை. சேர்ந்த கட்டத்திலும் முழு ஊழியர்கள் இல்லை, ஏனென்றால் டிரெய்னிகள். நியமனக் கடிதம் வந்துவிட்டால் கரையேறிவிட்டோம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். கடிதத்தின் தலைப்பில் "அப்பாயின்ட்மென்ட்" என்று இருப்பது போதாது. எந்தப் பதவிக்கு, எந்த நிலையில், பயிற்சியா, தகுதிகாண் பருவமா, எந்த நிபந்தனை நிறைவேறினால் பணி உறுதியாகும், உறுதியாகாவிட்டால் எத்தனை நாள் நோட்டீஸ் என்பதெல்லாம் உள்பக்கங்களில் இருக்கும். சேரும் நாளன்று நாற்பது படிவங்களோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கும் பக்கங்கள் அவை.

அந்தக் கையெழுத்தின் கனத்தை அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் எடுத்துக் காட்டியது. விஜயா வங்கி 2007 ஆகஸ்டில் ஓர் அதிகாரிக்கு அனுப்பிய நியமனக் கடிதத்தில் ஒரு விதி: மூன்று ஆண்டு முடியுமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அவர் அந்தச் செப்டம்பரில் சேர்ந்து, 2009 ஜூலையில் வேறு வங்கிக்குப் போக ராஜினாமா கொடுத்தார். பணத்தை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2025 மே 14-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கும் தொழில் தடை ஆகாது. பொதுத்துறை வங்கி ஆளெடுக்க விளம்பரம், தேர்வு என்று செலவு செய்ய வேண்டியிருக்கிறது. அதிகாரி ஒருவருக்கு 2 லட்சம் மிகையான தொகை அல்ல என்பது நீதிமன்றத்தின் பார்வை. இப்படி முன்கூட்டியே விலகினால் பணம் கட்டச் சொல்லும் எல்லா பாண்டுகளும் செல்லும் என்று இதை விரித்துவிடக் கூடாது. பொதுத்துறைக்கு உள்ள ஆளெடுப்புக் கடமை இந்தத் தீர்ப்பின் மையத்தில் இருக்கிறது. தனியார் நிறுவனம் பயிற்சியே தராமல் கேட்கும் பாண்டு வேறு கதை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கோணல் தெரியும். நியமனக் கடிதத்தில் ஊழியர் ஏற்ற விதிக்கு ரூபாயில் விலை இருக்கிறது. ஆஃபர் லெட்டரில் நிறுவனம் தந்த வாக்குக்கு அப்படி எழுதப்பட்ட விலை எதுவும் இல்லை. சீக்கிரம் விலகினால் 2 லட்சம் என்று எழுதுகிறவர்கள், தாமதமாக அழைத்தால் மாதம் இவ்வளவு என்று எழுதுவதில்லை. ஃபிளிப்கார்ட் ஒன்றரை லட்சம் தர முன்வந்ததும் கடிதத்தில் எழுதியிருந்ததால் அல்ல.

புதிய சட்டத் தொகுப்பு மாற்றியதும் மாற்றாததும்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் குறித்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 6-ஆம் பிரிவு, ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் தருவதை வேலை தருபவரின் கடமையாக்குகிறது. ஜவுளிக்கடை, பட்டறை, மருத்துவமனை என்று நியமனக் கடிதமே பார்க்காமல் பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்தவர்களுக்கு இது பெரிய விஷயம். வேலை செய்தேன் என்பதையே நிரூபிக்க முடியாமல் தோற்ற வழக்குகள் எத்தனையோ.

ஆனால் அந்தப் பிரிவு சொல்வது, பணியில் அமர்த்தும்போது கடிதம் கொடு என்பதை. அமர்த்துகிறேன் என்று சொல்லிவிட்டு எத்தனை மாதம் காக்க வைக்கலாம் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 2022-ல் தேர்வானவர்கள் இன்றைக்கு அதே நிலையில் நின்றிருந்தாலும், 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் கையில் எடுக்க வேண்டியிருக்கும்.

அரசு வேலைக்குக் காத்திருப்பவர்கள் சிலர், எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கலாம். சங்கர்சன் தாஷ் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது: தேர்வுப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே நியமனம் பெறும் உரிமை வந்துவிடாது. ஒரே ஆறுதல், அரசு தன்னிச்சையாக நடக்கக் கூடாது. ஏன் நிரப்பவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுக் கேட்கலாம். தனியார் நிறுவனத்தை அப்படிக் கேட்க முடியாது.

புதியவர்களைவிட மோசமாக மாட்டிக்கொள்பவர்கள், இருக்கும் வேலையை விட்டுவிட்டு வருபவர்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ்.ஸில் சேர ஆஃபர் வாங்கிய 600-க்கும் மேற்பட்ட அனுபவசாலிகளின் சேரும் தேதி தள்ளிப்போவதாக நைட்ஸ் புகார் செய்தது. எல்லா ஆஃபர்களையும் மதிப்போம் என்று நிறுவனம் பதில் சொன்னது. பழைய கம்பெனியில் ரிலீவிங் வாங்கியாயிற்று, புதிய கம்பெனியில் தேதி இல்லை, வீட்டுக் கடன் தவணை மட்டும் மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி தவறாமல் போகிறது.

இப்படிப்பட்டவர் என்ன செய்யலாம் என்று கேட்டால், ராஜினாமா கொடுக்கும் முன் சேரும் தேதி எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். "தோராயமாக" என்று இருந்தால் அது தேதி ஆகாது. சரிபார்ப்பு முடிந்துவிட்டதா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தலாம். ராஜினாமா செய்த நாளன்று, "உங்கள் ஆஃபரை நம்பி இன்று விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன், இந்தத் தேதியில் சேர்கிறேன்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பலாம். பின்னால் நஷ்டஈடு கேட்க நேர்ந்தால், உங்கள் இழப்பு அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதற்கு அந்த இரண்டு வரிதான் சாட்சி; 73-ஆம் பிரிவில் அதற்கு எடை உண்டு. நியமனக் கடிதம் கைக்கு வந்ததும், சம்பளப் பிரிப்பு, நோட்டீஸ் காலம், பாண்டு ஆகிய மூன்றையும் ஆஃபரோடு வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று பெரும்பாலும் நியமனக் கடிதத்தின் கடைசிப் பத்திகளில் ஒன்றில் இருக்கும்: இதற்கு முன் பேசியது, எழுதியது அனைத்துக்கும் பதிலாக இதுவே முழு ஒப்பந்தம் என்று. அந்தப் பத்தி இருந்தால், ஆஃபரில் சொன்ன ஜாயினிங் போனஸ் நியமனக் கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துப் போடுவதற்கு முன்புதான்.